குத்துதுன்னா குத்துதுதான்

காலையில ஏழரை மணிக்கு எனக்கும் என் மகளுக்கும் ஆரம்பிச்ச சண்டை. புது கவுன், ஒரே ஒரு தடவைகூடப் போடல. தலையை உள்ள நுழைச்சதும் "குத்துது"ன்னா. "எங்கடி குத்துது?" "இங்க." "இங்க ஒண்ணுமே இல்லையே!" "குத்துதும்மா!" அஞ்சு நிமிஷத்துல அவ அழுதுட்டு நின்னா, நான் கத்திட்டு நின்னேன். கடைசியில வழக்கம்போல அந்தச் சாயம் போன டைனோசர் பனியனைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினா. நானும் "இவ்ளோ அடம் ஆகாது"ன்னு வாசல் வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே போனேன்.

ராத்திரி அவ தூங்கினப்புறம் கவுனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கழுத்து லேபிளை நான்தான் மகா புத்திசாலி மாதிரி முந்தின நாளே கத்தரிச்சிருந்தேன். கத்தரிச்ச இடத்துல தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூல், கண்ணாடி கணக்கா. நகத்தளவுகூட நீளமில்ல. விரலால தடவினா தெரியல. என் பின்கழுத்துல வச்சு லேசாத் தேய்ச்சேன். சுருக்குன்னுச்சு.

நாலு வயசுப் பிள்ளைகிட்ட இருக்குற வார்த்தையே அவ்வளவுதான்: குத்துது, அரிக்குது, வேணாம். ஓரம் பிரியாம இருக்கப் போடுற ஓவர்லாக் தையல் உறுத்துது, உள்பக்கம் வைக்கிற லைனிங் துணி ஒட்டுதுன்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லவா முடியும்? நாம அத்தனைக்கும் ஒரே பேர் வச்சிருக்கோம், அடம். அவளோட தோல் நம்ம தோலைவிட மெலிசுன்னு குளிப்பாட்டும்போதெல்லாம் தெரியுது, துணி வாங்கப் போனா மறந்துடுது.

சரி, நம்ம லட்சணம் அப்படி. இந்தத் துணியைத் தைக்கிறவங்களுக்கு என்ன கேடு? கழுத்து லேபிள்ல இருக்குறதைத் துணி மேலயே அச்சடிச்சு விடலாம், நிறைய பேர் அடிக்கவும் செய்றாங்க. அப்புறம் ஏன் இன்னமும் ஒரு பட்டையை, அதுவும் நாலு பக்கமும் வெட்டு விளிம்பு விறைச்சு நிக்கிற பட்டையை, கரெக்டா பின்கழுத்து எலும்பு மேல வச்சுத் தைக்கணும்?

அந்தக் கவுனோட இடுப்பையும் பார்த்தேன், அதுக்கும் சேர்த்தே எரியுது. வெளியில நெட்டு, அதான் வலைத் துணி, மடிப்பு மடிப்பா பூ மாதிரி விரியுது. அப்படி விரியணும்னா அவ்வளவு நெட்டையும் சுருக்கி ஒரே தையலுக்குள்ள திணிக்கணும். திணிச்சதோட வெட்டு முனை எல்லாம் எங்க போகும்? உள்பக்கம். சீப்புப் பல் மாதிரி இடுப்பைச் சுத்தி வரிசை கட்டி நிக்குது. ஒரு விரல் அகலத்துக்குப் பருத்திப் பட்டி வச்சு மூடித் தைச்சிருந்தா வேலை முடிஞ்சது. செய்யல. ஏன்னா போட்டோவுல உள்பக்கம் தெரியாது.

லைனிங்னு ஒண்ணு கொடுத்திருக்காங்க, வழவழன்னு பாலியெஸ்டர். பருத்தி, சாதாரணமா அலமாரியில கிடக்கும்போதே காத்துல இருந்து தன் எடையில 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வேர்வை துணிக்குள்ள போகாம தோல் மேலயே கசகசன்னு நிக்கும். ஒரு இடத்துல உட்காராத ஜீவனுக்கு இதை மாட்டிவிட்டு, "ஏன் சொறியிற?"ன்னு கேக்குறோம். (விளையாட்டு ஜெர்சிக்குன்னு ஓட்டை ஓட்டையா பின்னுற பாலியெஸ்டர் வேற கதை. லைனிங்ல வர்றது அந்த ரகம் இல்ல.) வெளியில தொங்குற அட்டையில மட்டும் "காட்டன் ஃபீல்". காட்டன்னு எழுதியிருந்தா காட்டன். காட்டன் ஃபீல்னு எழுதியிருந்தா அது காட்டன் இல்லைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். எத்தனை சதவீதம் எந்த நூல்னு இடுப்புத் தையல் ஓரத்துல ஒரு குட்டிச் சீட்டு இருக்கும், எறும்பு எழுத்துல. அதைத்தான் படிக்கணும்.

கழுத்து ஓட்டை பத்திப் பேசலேன்னா எனக்குத் தூக்கம் வராது. குழந்தை தலை உடம்பைவிட முந்திக்கிட்டு வளரும். 4 வயசுல தலைச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் பக்கம் வந்துடும், வளர்ந்த நமக்கே 55, 57 தான். தோள் என்னவோ நம்மளைவிட ரொம்பச் சின்னது. பெரியவங்க சட்டையை அப்படியே சுருக்கி வெட்டினா தலை எப்படிப் போகும்? காது மடங்கி, மூக்கு நசுங்கி, நடுவுல இருட்டுல மாட்டிக்கிட்டு, வெளியில இருந்து அம்மா வேற இழுக்குறா. ஒரு நாள் நீங்க மாட்டிப் பாருங்க. கைக்குழந்தை பனியன்ல தோள்பட்டைத் துணியை ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சு வச்சிருப்பாங்களே, அது எவ்வளவு அருமையான யோசனை! கழுத்து விரியும், டயப்பர் நாசமாயிடுச்சுன்னா தலைவழியா எடுக்காம கீழ்வழியாவே உருவிடலாம். ஒரு வயசு தாண்டினதும் அந்த அறிவெல்லாம் எங்கதான் போகுதோ.

இதைவிடக் கொடுமை ஜீன்ஸ். மூணு வயசுப் பையன் ஜீன்ஸுக்கு இரும்புப் பித்தான், ஜிப், அதுக்கு மேல பெல்ட். பெரியவங்களுக்கே அவசரத்துல தடுமாறுற பித்தான். என் தங்கச்சி பையன் இப்பதான் டயப்பரை விட்டு, தானே போயி ஒண்ணுக்கு இருக்கப் பழகிக்கிட்டிருந்தான். விரலால பித்தானோட மல்லுக்கட்டி, கழட்டுறதுக்குள்ள நனைஞ்சு போயி, எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னானாம். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கேட்டாலும் போகமாட்டேன்னுட்டான். எலாஸ்டிக் இடுப்பு இருந்தா ஒரே இழுப்பு. அந்த எலாஸ்டிக்கும் நூல் மாதிரி இருந்துச்சுன்னா வயித்துல சிவப்பா வரி விழும், அகலமா மெத்துன்னு இருக்கணும்.

சட்டையில தொப்பி, தொப்பிக்கு ஒரு கயிறு, கயிறு நுனியில குஞ்சம். அழகுதான். சறுக்கு மரத்து இடுக்குல அந்தக் கயிறு மாட்டிக் குழந்தைங்க இறந்திருக்காங்க. அதனால அமெரிக்காவுல 1996லயே குழந்தைங்க மேலுடையில கழுத்துக் கயிறு வேண்டாம்னு வழிகாட்டுதல் கொடுத்தாங்க. ஐரோப்பாவுலயும் சின்னக் குழந்தைகளோட கழுத்துப் பக்கம் கயிறு கூடாதுன்னு தரவிதி இருக்கு. ஆனா இன்னமும் கயிறு வச்ச சட்டை கண்ணுல பட்டுக்கிட்டேதான் இருக்கு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா உருவிப் போட்டுடுறேன்.

அப்புறம் பாக்கெட். அவளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கூழாங்கல், ஒரு இறகு, எங்கேயோ கிடைச்ச ஒரு பித்தான் வச்சுக்க இடம் வேணும். பையன் டவுசர்ல நாலு பாக்கெட், இவ பேண்ட்ல பாக்கெட் மாதிரி ஒரு தையல். விரலை விட்டுப் பார்த்துட்டு "அம்மா, இது மூடியிருக்கு"ங்குறா. என்னன்னு சொல்றது?

அளவைப் பத்தி ஒரே வரி. "4-5 வயது"ன்னு போட்டதுல ஒண்ணு சாக்கு மாதிரி, ஒண்ணு உறை மாதிரி. ஐரோப்பாக்காரங்க மாதிரி 104, 110, 116ன்னு உயரத்தைச் சென்டிமீட்டர்ல போட்டுத் தொலைச்சா என்ன?

இப்போ நான் கடைக்குப் போனா ஒவ்வொரு துணியையும் திருப்பி, உள்பக்கத்தைக் கழுத்துல தேய்ச்சுப் பார்த்துட்டுத்தான் விலையையே பார்க்குறேன். பில் போடுறவங்க ஒரு மாதிரி பார்க்குறாங்க. பார்க்கட்டும். நேத்து அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன், அவ கையாலயே தடவிப் பார்க்கட்டும்னு. வரிசையா பத்து, பதினஞ்சு துணியைத் தொட்டுப் பார்த்துட்டுக் கேட்டா: "அம்மா, இங்க பழசு இல்லையா?"

டைனோசர் பனியன் துவைச்சுத் துவைச்சு வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு, விளிம்பு தொப்புளுக்கு மேல ஏறிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் தாங்குமான்னு தெரியல. இப்போ மணி பத்தரை. அலசிக் காயப் போட்டுட்டு வந்துதான் இதை எழுதுறேன். காலையில ஏழு மணிக்குள்ள அது காயணும்.