எம்.பி. லெட்டரா, நாமினேஷனா?

வர்ஜீனியாவில் பிறந்து வளர்ந்த அக்கா மகன் அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் வெஸ்ட் பாயிண்ட் அகாடமிக்கு விண்ணப்பிக்கிறான் என்றதும் ஊரிலிருந்து சித்தப்பா கேட்டது: "எம்.பி. லெட்டர் வேணுமாமே? அங்கேயும் அப்படித்தானா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கேந்திரிய வித்யாலயாவில் 2022 வரை எம்.பி. கோட்டா இருந்ததைப் பார்த்தவர். கேட்கும்போது இதுவும் அப்படித்தான் இருக்கிறது. வெஸ்ட் பாயிண்ட், அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமி மூன்றிலும் நாமினேஷன், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற ஒருவரின் முன்மொழிவு, இல்லாமல் சேர முடியாது. (கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.)

ஒவ்வொரு செனட்டருக்கும், பிரதிநிதிகள் சபையின் ஒவ்வொரு தொகுதி உறுப்பினருக்கும் ஒவ்வொரு அகாடமியிலும் 5 இடங்கள். அவர் கணக்கில் ஒரே சமயத்தில் 5 பேர்தான் படிக்கலாம். ஒருவர் படிப்பை முடித்தோ பாதியில் விட்டோ வெளியேறினால்தான் அடுத்த இடம் காலியாகும். அந்த ஒரு இடத்துக்குப் பல பேரின் பெயரை அவர் அனுப்பலாம். ஆக, ஒரு பையன் தன் தொகுதி உறுப்பினர், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், துணை அதிபர் என்று நாலு இடத்தில் கேட்கலாம். அப்பாவோ அம்மாவோ நீண்டகாலம் ராணுவத்தில் இருந்தால் அதிபர் வழியும் உண்டு. அக்கா வீட்டில் எல்லாரும் ஐ.டி., அதனால் அது கிடையாது.

கட்சிக்காரர் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம், கட்டுரை, அப்புறம் உள்ளூர்க்காரர்கள் குழுவோடு ஒரு நேர்காணல், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது 'பிரின்சிபல் நாமினி' என்ற ஏற்பாடுதான். உறுப்பினர் ஒருவரை முதல் ஆளாகக் குறித்து அனுப்பினால், அவர் குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டினாலே போதும், இடம் அவருக்கு. அதே பட்டியலில் அவரைவிடக் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாலும் அந்த இடம் அவளுக்கில்லை. "நீங்களே தரம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பட்டியலை அகாடமியிடம் விட்டுவிடும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எந்த வழி என்பது அவரவர் இஷ்டம். இது என்ன நியாயம்?

சரி, நம் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) மாதிரி பரீட்சை, எஸ்.எஸ்.பி. நேர்காணல் என்று வைத்துவிட்டுப் போகலாமே என்றுதான் நானும் நினைத்தேன், பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர் கதையைப் படிக்கும்வரை. அவர் 1932-ல் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்த கறுப்பின இளைஞர். நாமினேஷன் கொடுத்தவர் சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட், அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். உள்ளே நாலு வருஷம் கூடப் படித்தவர்கள் அவரோடு பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. 1936-ல் பட்டம் வாங்கினார், பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானிகள் எனப்பட்ட கறுப்பின விமானிகளுக்குத் தளபதியானார், அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரலும் ஆனார். யாரைச் சேர்ப்பது என்பதை அன்றைய ராணுவத்திடமே முழுசாக விட்டிருந்தால் அவரை வாசலுக்குள் விட்டிருப்பார்களா?

அதனால் நாமினேஷன் இருக்கட்டும், பிரின்சிபல் நாமினியை மட்டும் தூக்குங்கள் என்பது என் கட்சி. கூடவே பெயரையும் சரிபார்த்து எழுதச் சொல்லுங்கள். 1839-ல் ஒரு உறுப்பினர் ஹைரம் யுலிசஸ் கிராண்டின் பெயரை 'யுலிசஸ் எஸ். கிராண்ட்' என்று தப்பாக எழுதி அனுப்ப, மனுஷன் அதே பெயரோடு அதிபராகவே ஆகிவிட்டார்.

இவ்வளவையும் போனில் விளக்கி முடித்தேன். "அதெல்லாம் சரி, லெட்டர் கிடைச்சுதா இல்லையா?" என்கிறார் சித்தப்பா. இன்னும் வரவில்லை.