ஐந்தாம் ஹென்றியின் ஆங்கிலக் கடிதங்கள்

இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி என்றாலே எல்லோரும் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரைத்தான் பேசுகிறார்கள். 1415 அக்டோபர் 25, சேறு, வில்லாளிகள், ஆள்பலம் அதிகமிருந்தும் தோற்ற பிரெஞ்சுப் படை. சரி, பெரிய வெற்றிதான். ஆனால் அவர் பிடித்த நிலம் தங்கவில்லை. 1420இல் ஒப்பந்தம் போட்டுப் பிரெஞ்சு முடிக்கே வாரிசானவர், 1422 ஆகஸ்டில் நோயில் விழுந்து இறந்தார். அவருடைய ஒன்பது மாதக் குழந்தை அரசனானது. 1453க்குள் பிரான்சில் கலே துறைமுகம் மட்டும்தான் மிச்சம்.

என்னை அவரிடம் இழுப்பது வேறு விஷயம். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு இங்கிலாந்து அரசவை லத்தீனிலும் பிரெஞ்சிலும்தான் எழுதிக்கொண்டிருந்தது. சந்தையிலும் வயலிலும் மக்கள் பேசிய மொழிக்கு அங்கே இடமில்லை. 1417இல் வடக்குப் பிரான்சின் நார்மண்டிக்குப் படையெடுத்துப் போன ஹென்றி, அங்கிருந்து ஊருக்கு அனுப்பிய கடிதங்களை ஆங்கிலத்தில் எழுத வைத்தார். போருக்கு லண்டன்காரர்களின் ஆதரவு வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருந்தாலும் அதன் பலன் பெரிது. லண்டன் மதுவடிப்போர் சங்கம் தன் கணக்குகளை இனி ஆங்கிலத்தில் எழுதுவது என்று முடிவெடுத்தபோது, அரசரே தம் கடிதங்களில் அந்த மொழியைத் தேர்ந்துகொண்டார், எங்களில் பலருக்கு லத்தீனும் பிரெஞ்சும் புரியாது என்று காரணத்தைப் பதிந்து வைத்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிற இடம் இது. அரசன் கையிலெடுத்த மொழியைத் தொழிலாளியும் கூச்சமில்லாமல் ஏட்டில் ஏற்றினான்.

ஆனால் அந்தக் கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடுவதில்லை. 1418 ஆகஸ்டில், நார்மண்டியின் ரூவான் நகரை முற்றுகையிட்டபடி லண்டனுக்கு எழுதியது. சிறு கப்பல்களில் உணவும், முக்கியமாகக் குடிக்க மதுவும் ஏற்றி, சேன் ஆற்று வழியாக அனுப்புங்கள் என்று கேட்கிறார். அவர்களும் அனுப்பினார்கள்.

நகருக்குள் பஞ்சம். சாப்பாடு போட முடியாமல் ஏழைகளையும் முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஊர்க்காரர்களே வெளியே தள்ளினார்கள். ஹென்றி அவர்களைத் தன் படையைத் தாண்டிப் போக விடவில்லை. மதிலுக்கும் முகாமுக்கும் நடுவில், அகழிப் பள்ளத்தில், குளிரில் கிடந்து செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் உணவு கொடுத்தார். 1419 ஜனவரியில் நகரம் பணிந்தது.

அவரை மாவீரன் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பள்ளத்தை ஒரே வரியில் கடந்துபோவது எனக்குக் கோபம் வரவைக்கிறது. அந்தக் கடிதத்தை நான் மொழிக்காகத்தான் தேடிப் படித்தேன். படிக்கும்போது சேன் ஆற்றில் வந்த மதுப் பீப்பாய்களும், அவை இறங்கிய முகாமுக்கு எதிரே பள்ளத்தில் கிடந்த குழந்தைகளும்தான் கண்முன் வந்தார்கள்.