வேகத்தை வைத்து மெக்லாக்லினை அளக்காதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிட்டார் வாசிக்கிற தம்பிகளுக்குள் இங்கிலாந்து கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினைப் பற்றிய சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு கட்சிக்கு அவருடைய ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராதான் எல்லாம். இன்னொரு கட்சிக்கு இந்தியக் கலைஞர்களோடு அவர் சேர்ந்து வாசித்த எழுபதுகளின் சக்தி குழுதான் உயிர். மூன்றாவது கட்சி, "நம்ம ராகத்தை அவர் சும்மா தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று கட்சியும் தப்பான இடத்தில் காதை வைத்துக் கேட்கின்றன என்பது என் கருத்து. அந்த மனிதரின் பலம் லயத்தில் இருக்கிறது. விரல் வேகம் அதற்குப் பின்னால் வருகிற விஷயம். இதை ஒரே ஒரு இசைத்தட்டை வைத்து நிறுவச் சொன்னால் 1976ல் வந்த சக்தியின் "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி"யைத்தான் எடுப்பேன்.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுவோம். "ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ" தட்டின் முதல் உருப்படி, சுமார் 11 நிமிடம் ஓடுவது, "மெக்லாக்லின் வேகம் பாருங்க" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் மெக்லாக்லின் வாசிக்கவே இல்லை. அது அதே தட்டின் மற்ற இரு கிட்டார்க்காரர்களான பாகோ டி லூசியாவும் அல் டி மியோலாவும் மட்டும். மூவரும் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகளில் பாகோ இடது காதில், மெக்லாக்லின் நடுவில், டி மியோலா வலது காதில் கேட்பார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால்தான் இது பிரியும். போன் ஸ்பீக்கரில் மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும், யாருடைய விரலைப் பாராட்டுகிறோம் என்றே தெரியாது. 1980 டிசம்பர் 5ஆம் தேதிக் கச்சேரி அது. பாகோ விரலால் மீட்டுகிறவர், மற்ற இருவரும் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பிடிப்பவர்கள். ஆகவே மெக்லாக்லினின் வலது கையை எடைபோட இது நல்ல பதிவு: மேல், கீழ், மேல், கீழ் என்று ஒரு தட்டுகூட விடாத மாற்றுத் தட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தனித் தட்டு விழுவது தெளிவாகக் கேட்கும்.

மகாவிஷ்ணு பதிவுகளில் அந்தத் தெளிவு கிடைக்காது. 1971ன் "தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்", 1973ன் "பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்" இரண்டிலும் ஆம்ப்ளிஃபயரை முழு சத்தத்துக்கு ஏற்றி, ஒலி உடைகிற அளவுக்கு வாசித்திருக்கிறார். ஒலி அப்படி உடையும்போது தட்டின் கூர்மை மழுங்கி ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேகத்தை ரசிக்கிற தம்பிகள் அந்த ஒட்டலையும் சேர்த்துத்தான் வேகம் என்று எண்ணுகிறார்கள். அந்த இசைத்தட்டுகளில் வேறு ஒன்றைக் கேளுங்கள். இரட்டைக் கழுத்து கிப்சனில் பன்னிரண்டு தந்திக் கழுத்தில் ஒரு சுரக்கோவையை மெக்லாக்லின் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். பில்லி காபம் அதற்கு அடியில் வேறொரு எண்ணிக்கைப் பிரிவில் டிரம்ஸ் அடிக்கிறார். "பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்" தலைப்பு உருப்படிக்கு ஒரு சுற்று 18 எண்ணிக்கை. முதல் இசைத்தட்டில் ஒரு உருப்படி 9 எண்ணிக்கையில் ஓடுகிறது, இன்னொன்று 20ல். நான்கு நான்காகத் தலையாட்டிக் கேட்டால் எங்கோ தடுக்கிவிழுவது போல இருக்கும். அதை அவர் ஒழுங்கில்லாமல் வாசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒன்பதைத் "தகதிமி தகதகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தரையில் கால் ஊன்றிவிடும்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பாட்டு நடக்கும்போதே நடை மாறுவதும், முகவீணை (ஊதுகிற சிறு குழல்) இழுத்துக்கொண்டிருக்க மிருதங்கம் தனிக் கணக்கில் போய் ஓரிடத்தில் வந்து சேர்வதும் புதிதல்ல. அந்தக் காதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதும். ராக் கேட்டுப் பழகிய காதைவிட அது இந்த இசைக்குள் சீக்கிரம் நுழையும்.

இப்போது மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைக்கிற விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி சரி, காரணம் கருவியில் இருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை கற்றார். வீணையில் மெட்டு (கிட்டாரில் ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பி) உயரமாக மெழுகின் மேல் நிற்பதால் விரல் மரத்தைத் தொடாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் தடையில்லாமல் வரும். சக்தி குழுவுக்காக ஆப்ரகாம் வெக்டர் செய்துகொடுத்த கிப்சன் அக்கூஸ்டிக் கிட்டாரில் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவில் மரத்தைக் குழியாகச் சீவி எடுத்திருக்கிறார்கள். அதோடு ஒலித்துளைக்கு மேலே குறுக்கே சாய்வாக 7 துணைத்தந்திகள். வாசிக்கும்போது அவை தாமாக அதிரும், வேண்டும்போது தட்டிச் சுருதியும் கொடுக்கலாம்.

ஆனால் அந்தத் துணைத்தந்திகளை ராகத்துக்கு ராகம் மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரு அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக்கினால், தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் (மேல் 'க') சட்ஜத்திலிருந்து ('ஸ') 386ஆம் பங்கில் நிற்கும். கிட்டாரின் நாலாவது ஃப்ரெட் 400ல் நிற்கிறது. 14 பங்கு கூடுதல். தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆகவே அதே ஃப்ரெட்டில் இழுத்து இதைச் சரிசெய்ய வழியே இல்லை. சாதாரண காந்தாரம் என்கிற கீழ் 'க' இதற்கு நேர் எதிர்: இயல்பான இடம் 316, ஃப்ரெட் 300. 16 பங்கு லேசாக இழுத்தால் சேர்ந்துவிடும். பஞ்சமத்தில் 2 பங்குதான் வித்தியாசம், காது கண்டுகொள்ளாது. சக்தி பதிவுகளில் சில சுரங்கள் கொஞ்சம் கூர்மையாகவும் சில மெத்தென்றும் கேட்பதன் அடிப்படை இந்தக் கணக்கில் இருக்கிறது.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபத்தில் விரலை வைத்து மத்திமம் வரை இழுத்து ஆட்ட வேண்டும் என்றால் நாலு அரைச்சுரம். வீணையில் இது தினப்படி வேலை. கனத்த கிட்டார் தந்தியில் ஒரு கச்சேரி முழுக்க இதைச் செய்ய விரல் தாங்காது. சக்தி குழுவின் எல். சங்கரின் வயலினில் ஃப்ரெட்டே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் சங்கர் வளைக்கிறார், மெக்லாக்லின் நேர் சுரமாக நடக்கிறார். இது குறைதான், மறைக்க வேண்டாம். ஆனால் "சும்மா தொட்டுப் பார்த்தார்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முடியாததை முடிந்தது போலப் பாவனை செய்யாமல், தன் கருவிக்குச் சுத்தமாக வருகிற பிரயோகங்களைத் தேர்ந்தெடுத்து வாசித்திருக்கிறார். அது மரியாதை தெரிந்தவன் செய்கிற வேலை.

கணக்கில்தான் அவர் முழுசாக நம் ஆளாகிவிடுகிறார். "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி" கொன்னக்கோலோடு (தாளச் சொற்களை வாயால் சொல்வது) தொடங்குகிறது. சொற்கட்டு வாயில் வந்த பிறகுதான் கருவிக்குப் போகிறது. இதைப் புரிந்துகொள்ள ஆதி தாளத்தில் ஒரு சின்ன முத்தாய்ப்பு (ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லி முடிப்பது) போட்டுப் பாருங்கள். ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கைக்கு நாலு நாலாக 32 அட்சரம். "தகிட தகதிமி" 7. அதை மூன்று முறை சொன்னால் 21. இடையில் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு அட்சரம் விட்டால் மொத்தம் 25. 32ல் 25 போனால் 7, ஆகவே ஏழு அட்சரம் விட்டு எட்டாவதில் தொடங்கினால் 32ல் முடிந்து, அடுத்த சமம் (சுற்றின் முதல் அடி) புதிதாக விழும். வடக்கத்தி இசையில் இதற்கு இணையான திஹாயில் பெரும்பாலும் கடைசித் தட்டே சமத்தில் விழும். அதே சொற்கட்டை அப்படி முடிக்க ஒன்பதாவதில் தொடங்க வேண்டும். சக்தி குழுவின் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகீர் உசேனின் தபலாவும் ஒரே மேடையில் இருந்தால் இந்த ஒரு அட்சர வித்தியாசத்தைப் பேசி முடிவுசெய்துதான் ஆகவேண்டும். முடிவைத் தவறவிட்டால் நாலு பேரும் நாலு இடத்தில் நிற்பார்கள். நடுவில் நிற்கிற கிட்டார்க்காரருக்கு இரண்டு இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இசைத்தட்டில் மெக்லாக்லின் ஒரு முத்தாய்ப்புக்குக்கூடத் தயங்குவதில்லை.

அதற்கு முந்தைய, சக்தியின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் மேடையில் பதிவானது. ராம்நாடு ராகவனின் மிருதங்கமும் அதில் உண்டு. அந்தச் சூடு ஸ்டுடியோவில் வராது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு உருப்படி 18 நிமிடம், இன்னொன்று சுமார் 29 நிமிடம். புதிதாகக் கேட்பவர் பாதியில் எழுந்துவிடுவார். அவர்களுக்கு அதே தட்டிலுள்ள "லோட்டஸ் ஃபீட்" ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அங்கே தொடங்குங்கள். 1977ன் "நேச்சுரல் எலிமென்ட்ஸ்" எட்டுச் சின்ன உருப்படிகள், கேட்க இதமானவை, ஆனால் தாளக் கணக்கில் கோர்வை கட்டி வளர்க்க இடமில்லை. எனக்கு அது மூன்றாவதுதான்.

1997க்குப் பிறகு வந்த, சக்தியின் மறுவடிவமான ரிமெம்பர் சக்தியில் அந்தத் துணைத்தந்திக் கிட்டார் போய் மின்கிட்டார் வந்ததற்குப் பழைய ரசிகர்கள் இன்னும் வருந்துகிறார்கள். நியாயம்தான். ஆனால் யு. ஸ்ரீநிவாஸின் மின்மாண்டலினும் செல்வகணேஷின் கஞ்சிராவும் இருந்த மேடையில் அக்கூஸ்டிக் கிட்டாரை மைக் வைத்து மேலே கொண்டுவந்திருந்தால் ஃபீட்பேக் ஊளையிட்டிருக்கும். மின்கிட்டாரின் மென்மையான ஒலியில் அவர் இழுப்பைக் குறைத்து, சறுக்கி ஏறுவதை அதிகமாக்கினார். அந்தச் சறுக்கல் மாண்டலினோடு நன்றாக இழைந்தது. சங்கர் மகாதேவன் வந்த பிறகு பாட்டுக்கச்சேரி ஆகிவிட்டது என்ற குறைக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, அது ருசி சம்பந்தப்பட்டது.

கடைசியாக, இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் கிட்டாரின் கழுத்தை அரம் எடுத்துச் சீவப் போகிற தம்பிகளுக்கு. முதலில் மூன்றாவது தந்தியைச் சுருள் இல்லாத வெறுந்தந்தியாக மாற்றி, மொத்த செட்டையும் 10ல் (மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம்) தொடங்கும் மெல்லிய செட்டாகப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தேவை தீர்ந்துவிடும். சீவியே ஆகவேண்டும் என்றால் பழைய, விலை குறைந்த கிட்டாரில், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும் செய்யுங்கள். ஃப்ரெட்டுகளின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. அரைவட்ட அரத்தால் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு 120, 220, 400 உப்புத்தாள் வரிசையாக. அடையாளப் புள்ளிகள் மெல்லியவை, ஆழமாகப் போனால் தேய்ந்து காணாமல் போகும். ரோஸ்வுட் என்றால் எண்ணெய் தடவினால் போதும், மேப்பிள் என்றால் மறுபடி லாக்கர் அடிக்காவிட்டால் வேர்வை ஏறிக் கறுத்துவிடும். சித்திரை வெயிலில் மரம் வறண்டு சுருங்கியிருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அரம் அதில் தட்டும். சீவிய பிறகு முதல் இரண்டு வாரம் எல்லாச் சுரமும் கூடிக் கேட்கும். அடியில் மரம் இல்லாததால் பழக்கத்தில் அழுத்துகிற அழுத்தம் முழுக்கச் சுருதியை ஏற்றிவிடுகிறது. தம்பூரா ஆப் ஓடவிட்டு, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், தந்தி ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவு மட்டும் அழுத்தி, தினம் பத்து நிமிடம் வாசியுங்கள்.