பாலத்துச் சண்டையில் நான் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை

கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக இருந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், நண்பர் ஒருவர் ஆடிய பாலடின் (கவசமணிந்த புனித வீரர் பாத்திரம்) பாலத்தின் மீது இறந்ததைப் பற்றி எழுதப்பட்ட அனைத்தையும் படித்துவிட்டேன். மேசையில் அமர்ந்திருந்தவர்களைவிட, அங்கே இல்லாதவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். "எட்டு கோப்ளின்களை வைத்து மூன்றாம் லெவல் வீரரைக் கொல்வது டன்ஜன் மாஸ்டரின் வன்மம்" என்ற வரி என்னைக் காயப்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு சண்டையை அமைப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அக்கறையை வன்மம் என்று யாரும் இதற்கு முன் அழைத்ததில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் எதிரிகளுக்கு உள்ள அனுபவப் புள்ளிகளைக் கூட்டித்தான் சண்டையின் கடுமையை அளக்கிறோம். அதன்படி கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றுக்கு 50 புள்ளிகள், எட்டுக்கு 400. எதிரிகள் ஏழு முதல் பத்து வரை இருந்தால் அத்தொகையை இரண்டரையால் பெருக்க வேண்டும், ஆக 1000. மூன்றாம் லெவலில் நால்வர் கொண்ட குழுவுக்கு 900 என்பது கடினமான சண்டையின் தொடக்கம். உயிராபத்தான சண்டை 1600இல்தான் தொடங்குகிறது. எனவே விதிநூலின் எல்லைக்குள்தான் இருந்தேன். கோப்ளின்களுக்குப் பதிலாக, தடியை ஓங்கிக்கொண்டு நேராக ஓடிவரும் இரண்டு ஓகர்களை (பெரிய அரக்கர்களை) நிறுத்தியிருந்தால் கணக்கு 1350 என்று காட்டியிருக்கும். அவற்றை அடிப்பது எளிது என்பதால் குழு வென்றிருக்கும், ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். அதிக எண் எளிய சண்டையாகவும், குறைந்த எண் கடும் சண்டையாகவும் அமைவது ஏன்? எண் நிலத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆடுகள் மூன்று புலிகளை அசையவிடாமல் அடைத்துவிடும்போது, ஆட்டுக்கு இவ்வளவு பலம் ஏது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே இடமே பலம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளிகள் ஏழுதான். ஒரு நல்ல வெட்டு போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தாக்கிய பிறகு, கூடுதல் செயலாகவே மறைந்துகொள்ளவோ, அடி வாங்காமல் விலகவோ அதனால் முடியும். இது நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. அதன் குறிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 18 உள்ள பாலடினை வெளிப்படையாக நின்று எய்தால் அதன் அம்பு படுவதற்கு 35 விழுக்காடு வாய்ப்பு. மறைவிலிருந்து எய்தால் இரண்டு பகடைகளில் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அது ஏறத்தாழ 58 ஆகிறது. ஆற்றின் அக்கரையில் இடிந்த மாவு ஆலையின் சுவரை நான் வரைந்தது இதற்காகத்தான். சுவர் இல்லாவிட்டால் அந்தக் கோப்ளின்கள் வெட்டுப்பட வரிசையில் நிற்கும் எட்டுப் பொம்மைகள்.

"எதிரிக்கு மறைவிடம் இருந்து குழுவுக்கு இல்லாவிட்டால் சண்டையின் கடுமை ஒரு படி ஏறும் என்று அதே வழிகாட்டியில் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் குழுவுக்கு மறைவிடம் இல்லை என்று யார் சொன்னது? பாலத்தின் நடுவில் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த வண்டி அவர்களுக்காகவே வரையப்பட்டது. அதன் பின்னால் பதுங்கியிருந்தால் அந்த 58 விழுக்காடு 44 ஆகக் குறைந்திருக்கும். பாலத்தின் நீளம் 60 அடி. தாக்குதலைக் கைவிட்டு ஓடியிருந்தால் பாலடின் ஒரே சுற்றில் அக்கரைக்குச் சென்று சுவரோரம் நின்றிருப்பார். மந்திரவாதியிடம் மூடுபனி மந்திரம் இருந்தது. அதை எழுப்பியிருந்தால் மறைந்து எய்வதன் சாதகம் அற்றுப்போயிருக்கும். ஆற்றின் கீழே ஆழமற்ற துறை ஒன்று இருப்பதை ஆலைக்காரர் முந்தைய ஆட்டத்திலேயே சொல்லியிருந்தார். இத்தனை வழிகள் திறந்திருந்தபோதும் திறந்த வெளியில் நின்று மூன்று சுற்றுகள் ஈட்டி எறிவது என்பது பாலடினை ஆடியவருடைய தேர்வு. அதை மதித்தேன். மதித்ததால்தான் அதன் விளைவையும் தடுக்கவில்லை.

"கோப்ளின்கள் முட்டாள்கள், இப்படியெல்லாம் யோசிக்காது" என்பது இன்னொரு வாதம். கோப்ளினின் அறிவுத்திறன் 10. சாதாரண மனிதருக்கு உள்ளதும் அதே 10. எளிய எதிரிகள் இடத்தையும் தந்திரத்தையும் கொண்டு பெரிய வீரர்களைத் திணறடித்த கதை 1987இலேயே இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழின் தலையங்கத்தில் வந்தது. அதில் வந்த கோபோல்டுகள் கோப்ளினைவிடவும் சிறியவை.

"இது கதை சொல்லும் ஆட்டம், போர் ஆட்டம் அல்ல" என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. கதையும் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நானும் பல மேசைகளில் வீரராக அமர்ந்திருக்கிறேன். ஒரு மேசையில் செவ்வக அறையின் நடுவில் ஒரு டிராகன் நின்றது, சுற்றி நின்று முறைவைத்து அடித்தோம், அது விழுந்தது. டிராகனைக் கொன்றோம் என்பதைத் தவிர அன்றைய சண்டையில் எதுவும் எனக்கு நினைவில்லை. இன்னொரு மேசையில், குறுகிய மலைப்படியில் மற்றவர்கள் தப்பிச் செல்வதற்காக என் போர்வீரன் தனியாக நின்று இறந்தான். அந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். அன்று என்னைக் காப்பாற்றாத டன்ஜன் மாஸ்டருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஆகவே "திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லியிருக்கலாமே, வாரம் முழுவதும் வேலை செய்து களைத்து வருகிறவர்கள்தானே" என்ற யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக வலி தந்தது. களைத்து வருகிறவர்கள் என்று எனக்கும் தெரியும். நானும் அப்படித்தான் வருகிறேன். வந்தவர்களை ஏமாற்றச் சொல்கிறீர்கள். அந்த ஒரு பகடையை நான் மாற்றியிருந்தால், அதற்கு முன் கல்லறைக் கதவில் ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு அந்தப் பாலடின் பெற்ற வெற்றியும் பொய்யாகிவிடும். அதை அவரிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. இரவில் வீட்டார் உறங்கிய பிறகு கட்டம் கட்டமாகத் தாளில் ஆறு வரைந்து, எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் கோப்ளின், இரண்டு விழுந்தால் மற்றவை எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதுகிறவன், முடிவை முன்பே தீர்மானித்தவனாக இருக்க முடியாது. தீர்மானித்திருந்தால் வரைபடமே தேவைப்பட்டிருக்காது.

இவ்வளவு எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தப் பாலடினை ஆடிய நண்பரிடம் கேட்கவில்லை. அவர் அன்று மேசையிலேயே என் கையைப் பற்றிக் குலுக்கினார். இப்போது ரேஞ்சர் என்ற காட்டு வீரர் பாத்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். நேற்றிரவு அழைத்து, அம்பின் வீச்சைப் பற்றி விசாரித்தார். கோப்ளினின் குறுவில் 80 அடி வரைதான் குறைவின்றி எய்யும், நெடுவில் 150 அடி வரை எய்யும் என்று சொன்னேன். நெடுவில்லையே எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.