அந்தக் களைக்கொத்தை அடித்தது யார்?

ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை பாலாடா பழங்குடியினர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போய் வந்ததை எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஊட்டிக்கு வருகிறவர்களில் பலர் பூங்காவும் படகு சவாரியும் போதுமென்று திரும்பிவிடுகிறார்கள். தோடர் வீட்டின் தாழ்ந்த வாசலில் குழந்தைகள் குனிந்து பார்த்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

நான் கோத்தகிரி பக்கத்து படகர் வீட்டுப் பெண்; தோடர், கோத்தர், குறும்பர்போல நாங்களும் நீலகிரி மலை மக்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தனித்தனியாக வைத்திருக்கும் பொருள்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கைமாறியவை. கோத்தர் பட்டறையில் அடித்த அரிவாளும் களைக்கொத்தும், கோத்தப் பெண்கள் வனைந்த சட்டியும் எங்கள் ஹட்டிகளுக்கு, அதாவது படகர் ஊர்களுக்கு, வரும். பதிலுக்கு எங்கள் காட்டில் விளைந்த சாமையும் கேழ்வரகும் போகும். தோடரிடமிருந்து எருமை நெய், குறும்பரிடமிருந்து தேன். காசு இல்லாமலே நடந்தது. அன்றெல்லாம் சாவு வீட்டில் கோத்தர் வாத்தியம் ஒலிக்காமல் காரியம் நடக்காது.

1819-ல் கோயம்புத்தூரின் ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அப்புறம் உருளைக்கிழங்கு, கேரட், தேயிலை என்று நிலத்தின் முகமே மாறிவிட்டது. எங்கள் பாட்டி சாமை அடித்த களம் இன்று தேயிலைச் சரிவு.

அடுத்த முறை போனால் பிள்ளைகளை அந்தக் கருவிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். எங்கள் பரணில் பாட்டியின் களைக்கொத்து இன்னும் இருக்கிறது. பிடி மூன்று தடவை மாற்றியாகிவிட்டது, இரும்பு அதே கோத்தர் இரும்புதான்.