அது வெள்ளைக்காரன் கட்டியது இல்லை

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் சென்னை ராஜாஜி சாலை வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் வாசலில் நின்றுகொண்டு ஒரு தம்பி, "வெள்ளைக்காரன் கட்டிவைத்த பழைய குப்பை, இடித்துவிட்டுக் கண்ணாடியில் இருபது மாடி கட்ட வேண்டியதுதானே" என்கிறார். அவர் பேசியது கூடப் பரவாயில்லை. நன்கு தெரிந்தவர்களே அதன் கீழே போய் இதயம் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இடிப்பதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில், அதை வெள்ளைக்காரன் கட்டவில்லை.

வரைந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஜெய்ப்பூரில் இருந்த கர்னல் சாமுவேல் ஜேக்கப் முதலில் வரைந்தார், ஹென்றி இர்வின் அதை மாற்றி முடித்துக் கொடுத்தார். கட்டியவர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றத்தையும் கன்னிமரா நூலகத்தையும் கட்டிய அதே செட்டியார். சுமார் 3 லட்சம் ரூபாய்ச் செலவில் மெட்ராஸ் வங்கிக்காக 1897-ல் முடித்துக் கொடுத்தார். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபதாம் ஆண்டு விழா கொண்டாடிய வருடம் அது. அந்த வங்கி 1921-ல் இம்பீரியல் வங்கியாகி, 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது. பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியும் சுவர் அதேதான். அந்தச் சுவரில் செங்கல் வைத்தது நம் ஊர்க் கை.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை சலான் கட்ட என்னை அங்கே அழைத்துப் போனார். நான் உள்ளே கூடத்தின் உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் வெளியே வந்ததும் ஒரு வளைவின் கீழே நின்றுவிட்டார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த சாந்தை விரல் நகத்தால் தடவி, "ரெண்டு நூல்கூட இல்லடா, பாரு" என்றார். கொத்தனார் கணக்கில் இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். வளைவில் ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து போக வேண்டும். சாந்து ஓரிடத்தில் கூடினாலும் உச்சிக்கல் வந்து சரியாக உட்காராது. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வைத்துக்கொண்டு இத்தனை வளைவையும் இவ்வளவு சுத்தமாகக் கட்டியவன் எப்படிப்பட்ட ஆள் என்று பஸ் வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார். இர்வின் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது இன்னொரு கொத்தனாரின் வேலையை.

"பாரம்பரியம் என்றால் பெரிய கோயிலைச் சொல்லு, காலனியச் சின்னத்தைத் தூக்கிப் பிடிக்காதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரிய கோயிலை யார் குறைத்துப் பேசினார்கள்? அங்கே மட்டும் ராஜராஜனா கல் சுமந்தான்? ஒரு கட்டடத்தில் அரசனைப் பார்ப்பீர்கள், இன்னொன்றில் துரையைப் பார்ப்பீர்கள். இரண்டிலும் வேலை செய்தவன் மட்டும் உங்கள் கண்ணில் படவே மாட்டானா? சுரண்டிச் சேர்த்த பணத்தில் எழுந்த வங்கி என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். இடித்தால் அந்தப் பணம் திரும்பி வருமா? உழைத்தவன் விட்டுப்போன ஒரே சாட்சியும் போய்விடும், அவ்வளவுதான்.

லிப்ட் இல்லை, ஏசிக்குத் தோதுப்படாது என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அதையெல்லாம் செய்துகொள்ளலாம். 2018-ல் தீப்பிடித்தபோது அதோடு முடிந்தது என்று பயந்தேன். முடியவில்லை. அதே சாலையில் இருக்கும் தலைமைத் தபால் நிலையமான ஜிபிஓ கூட 2000-ல் எரிந்து மீண்டு வந்ததுதான். நெருப்புக்குத் தப்பியது வாய்ப்பேச்சுக்குத் தப்புமா என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது. பக்கத்திலேயே பென்டிங்க் கட்டடம் இருந்ததே, உயர் நீதிமன்றமே ஒரு காலத்தில் அதில்தான் நடந்தது. அதையும் இப்படி "பழசு, பழசு" என்று சொல்லிச் சொல்லித்தான் இடித்தோம்.

என் அப்பா வேலை பார்த்த ஒரு கல்யாண மண்டபத்தின் திறப்பு விழாவுக்குப் போயிருந்தோம். கல்வெட்டில் தலைவர், செயலாளர், நன்கொடையாளர்கள் என்று மேலிருந்து கீழ்வரை பெயர்கள். அப்பா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "வெள்ளைக்காரன் கட்டியது" என்று அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. 1897-லும் நம்மவன் பெயரை எழுதவில்லை. இன்று நாமும் எழுத மாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

செட்டியார் பெயராவது புத்தகத்தில் கிடைக்கிறது. சாரத்தில் ஏறியவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், தலையில் கல் சுமந்த பெண்கள், இவர்கள் பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை. சென்னையில் கொத்துவேலை செய்த குடும்பத்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தாத்தாவோ பாட்டியோ எந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தார்கள் என்று கீழே பெயரோடு எழுதுங்கள். மற்ற சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.