பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்க வந்து நின்ற ஒரு தாயின் முகம் இன்றும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. மகள் தேர்ச்சி பெற்றிருந்தாள். கணக்கில் 81 மதிப்பெண். பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ரேஷன் கார்டு ஜெராக்ஸைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"மில்லுக்கு அனுப்புறோம் டீச்சர். மூணு வருசம் முடிஞ்சா மொத்தமா ஒரு தொகை வரும். அவ கல்யாணத்துக்கு அவளே சேத்த மாதிரி ஆயிரும்."

"நல்லாப் படிக்கிற பிள்ளைம்மா. இன்னும் ரெண்டு வருசம் படிக்க வைங்க" என்றேன்.

"படிச்சாலும் சீர் செஞ்சுதான டீச்சர் அனுப்பணும்? படிச்ச புள்ளைக்குப் படிச்ச மாப்பிள்ளை பாக்கணும். அவங்க இன்னும் கூடக் கேப்பாங்க."

அந்தத் தாய் ஈவிரக்கமற்றவர் அல்லர். மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால் கூலிக்குப் போகிறவர்; மூத்த மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு அப்போதும் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர். அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. பெண்பிள்ளை பிறந்த அன்றே அவள் பெயரில் ஒரு திருமணச் செலவை எழுதி வைத்துவிடுகிற நம் சமூகத்தின் வழக்கத்தில்தான் பிழை இருக்கிறது. ஏழ்மையும் பெண் என்பதால் வருகிற பாகுபாடும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்று பேசுகிறவர்கள், ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு, விருதுநகர் மாவட்டங்களின் நூற்பாலைகளில் பல ஆண்டுகள் நடந்த இந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். ஊரில் அதை கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். ஏஜென்ட் வீடு தேடி வருவார். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். மாதம் தோறும் சிறு சம்பளம் கிடைக்கும். ஒப்பந்தம் முடியும்போது 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தரப்படும். அந்தத் தொகையை வரதட்சணைக்கு என்றே பேசிக் கொடுத்தார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்கான பணத்தை ஒரு சிறுமியே மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி நின்று சம்பாதிக்க வேண்டும் என்பதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வருவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஆள் எடுப்பது இப்போது குறைந்திருக்கிறது. ஆனால், பத்தாம் வகுப்பை முடித்த பெண்ணை ஆலைக்கு அனுப்பித் திருமணத்துக்குச் சேர்க்கலாம் என்ற எண்ணம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

அந்த மாணவி அடுத்த பொங்கலுக்கு விடுப்பில் வந்தபோது என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த தலைமுடியின் ஓரங்களில் பஞ்சு இழைகள் ஒட்டியிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் தெருமுனையில் நிற்பவரைக் கூப்பிடுவது போல உரத்த குரலில் பேசினாள். எந்திர இரைச்சலில் கத்திப் பேசியே பழகிவிட்டது டீச்சர் என்று அவளே சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்த முயன்றாள். இரண்டு வாக்கியங்களுக்குள் குரல் மறுபடியும் உயர்ந்துவிட்டது. ஒரு வயது இளையவனான தம்பியைத் தன் சம்பளத்தில் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் போவதாகப் பெருமையோடு சொன்னாள். அவளும் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கலாமே என்ற கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் எழவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது, அது அவளுக்கே எழவில்லை என்பதுதான்.

இருபத்தாறாம் மாதத்தில் விடாத இருமலோடு அவள் திரும்பி வந்தாள். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று சொல்லி, அந்த ஆலையில் மொத்தத் தொகையைத் தரவில்லை. பஞ்சுத் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்க்கு மருத்துவத்தில் பைசினோசிஸ் என்று பெயர். அவளுக்கு வந்தது அதுதானா என்று எந்த மருத்துவரும் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்கவும் அந்த வீட்டில் ஆளில்லை.

நம் மாநிலம் பெண்கல்விக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. சத்துணவு இல்லாமல் போயிருந்தால் என் வகுப்புகளில் பாதிப் பெண்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி, 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள் இந்திய அளவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி அளவுதான். ஆனாலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்பது நாற்பது பெண்கள் இருக்கும் ஒரு வகுப்பில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்த கை இது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் இருக்கும் திட்டத்தின் வரலாற்றில் நம் அரசின் பார்வை மாறிய விதம் அப்படியே தெரிகிறது. தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அந்த முறையை ஒழிக்கவே வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். 1989-இல் அவர் பெயரில் தொடங்கப்பட்டது திருமண நிதியுதவித் திட்டம். பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்ற நிபந்தனையால் பல குடும்பங்கள் மகளைப் பத்தாம் வகுப்பு வரையாவது படிக்க வைத்தன. அந்த நன்மையை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஆனால் படிப்பின் பலன் பெண்ணின் கைக்கு வந்து சேரும் நாள் அவளுடைய திருமண நாள்தான் என்று அரசே ஒப்புக்கொண்டதாகவும் அது ஆகிவிட்டது. 2022-இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவளுடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. புதுமைப் பெண் என்று எல்லோரும் அழைக்கும் திட்டம் இதுதான். தாலிக்குத் தங்கத்தை ஏன் நிறுத்தினார்கள் என்று என் உறவினர்களே கோபப்பட்டார்கள். நான் மனமார மகிழ்ந்தேன். அப்பா பெயரிலும் கணவன் பெயரிலும் இல்லாத ஒரு பாஸ்புக் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் இருப்பது எத்தனை பெரிய மாற்றம் என்பது, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கவும் அண்ணனிடம் கை நீட்டிய தலைமுறைப் பெண்களுக்குத் தெரியும்.

ஆயினும் இந்த உதவிகள் வந்து சேரும் வயதைப் பாருங்கள். விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு கிடைக்கிறது. மாதம் 1,000 ரூபாய் பன்னிரண்டை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கிடைக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்கிப் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதே பதினான்கில்தான் கோடு போடுகிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகும் பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் மட்டுமே தடை. பத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இடைநிற்றலைத் தடுக்கத் தமிழக அரசு தந்த சிறப்பு ஊக்கத்தொகை மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 5,000 ரூபாய். அதே மூன்று ஆண்டுக்கு ஏஜென்ட் சொல்லும் தொகை அதைவிடப் பல மடங்கு. பல கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளிக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று தாத்தாவும் சித்தப்பாவும் கேட்பார்கள். அதே பெண்ணை விடியற்காலை ஐந்து மணி மில் வேனில் ஏற்றி அனுப்ப அவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். கட்டாயக் கல்வி உரிமையைப் பதினெட்டு வயது வரை நீட்டிக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் உதவியைக் கல்லூரி வரை காத்திருக்க வைக்காமல், பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளிலிருந்தே அந்தப் பெண்ணின் கணக்கில் செலுத்த வேண்டும். சொத்துரிமையிலும் நம் மாநிலம் 1989-லேயே, அதுவரை திருமணம் ஆகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கைக் கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வந்தது 2005-இல். அப்படியிருந்தும், சீர் செய்தாகிவிட்டதே என்று சொல்லித் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் பத்திரப்பதிவு அலுவலகங்களில் நடக்கிறது. படித்து, சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண் அந்தக் காகிதத்தை முழுவதும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. என் பழைய மாணவிகள் சிலர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் மாறும் வரை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும் இந்தப் பதிவைப் படித்தால், தேர்வு முடிவு வரும் நாளிலேயே தேர்ச்சி பெறாத பெண்களின் பட்டியலையும், மேலே சேர்வோம் என்று உறுதி சொல்லாத பெண்களின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவர்களைத் துணைத் தேர்வுக்கு அன்றே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். கட்டணம்தான் தடை என்றால் நாம் கட்டிவிடலாம். பதினெட்டுக்கு முன் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். மற்ற வீடுகளுக்கு அந்த வாரத்திலேயே நேரில் போய்விடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சில ஆண்டுகள் இருந்துவிட்டேன். ஜூனில் போய் நின்றபோது, அந்த வீடுகளுக்கு ஏஜென்ட் மே மாதமே வந்து போயிருந்தார்.